காந்த மௌனம்

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க விரும்புவோர், காற்றும் அலையும் அடங்கிய நிலவிரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்துவர். துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைச் செவியோடு சேர்ப்பர். நுண்ணொலியைக் கேட்கச் செவிக்கூர்மை மட்டும் போதாது. சூழலும் மௌனமாதல் வேண்டும். நீரர மகளிரின் இன்னிசையைப் பாடிய விபுலானந்த அடிகள் தமிழறிஞர் மட்டுமல்லர், விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவர். அவ்வழி வந்த நாம், வாவி கற்பிக்கும் இப்பாடத்தைக் காந்தவியலிலும் காணலாம்.

மனித இதயம் துடிக்குந்தோறும் அதில் எழும் மின்னோட்டம் சிறியதொரு காந்தப் புலத்தைப் பிறப்பிக்கின்றது. புவியின் காந்தப் புலத்தோடு ஒப்பிடின் அது ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே. மூளையின் புலமோ அதனினும் நூறு மடங்கு மெலிது. தெருவிற் செல்லும் பேருந்தின் இரும்பும், சுவரில் ஓடும் மின்கம்பியும் இவற்றை மூழ்கடித்துவிடும்.

ஆதலின் அறிஞர் மௌனத்தைக் கட்டி எழுப்புகின்றனர். நிக்கலும் இரும்பும் கலந்த ‘மியூ உலோக’த் தகடுகளால் அறை சமைக்கின்றனர். காந்த விசைக்கோடுகளை எச்சுவரும் தடுத்து நிறுத்துவதில்லை. இவ்வுலோகம் அவற்றைத் தன்னூடே ஈர்த்து, அறையைச் சுற்றிப் போகச் செய்கின்றது. அணை கட்டுவதன்று, வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைத் திருப்புவது போன்றது. 1969இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் கோஹன் இத்தகைய அறையொன்றில், மீக்கடத்திக் கருவியின் துணையால், இதயத்தின் காந்தத் துடிப்பைத் தெளிவாகப் பதிவு செய்தார். தமிழகத்துக் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அத்தகைய அறை அமைத்து, இதயமும் மூளையும் எழுப்பும் புலங்களை அளந்துள்ளது. உடலைத் தீண்டாமலே உள்ளுறுப்பின் நிலையை அறியும் வழி இது.

அவ்வறை பெரும்பொருள் வேண்டுவது. ஆயின் எளிய சோதனையொன்றுக்கு இம்மண்ணே துணை செய்கின்றது. புவிக்காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்பகுதியையும் இலங்கையையும் ஒட்டிச் செல்வதால், இங்கு ஏறத்தாழ 40,000 நானோதெஸ்லா வலிமையுள்ள புலம் அநேகமாகக் கிடையாகவே அமைந்துள்ளது. இலண்டனில் அது 66 பாகையளவு நிலத்துள் சரிந்து பாயும். சுருளையும் அதற்கேற்பச் சாய்த்தல் வேண்டும். இங்கோ மேசைமேல் நேரே நிறுத்தினாற் போதும்.

30 சதமமீற்றர் ஆரையும் 50 சுற்றுகளும் கொண்ட இரு செப்புக் கம்பிச் சுருள்களை, அதே 30 சதமமீற்றர் இடைவெளியில், ஊசி காட்டும் வடக்கை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்துக. புவிப்புலத்துக்கு எதிராக 0.27 அம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்துக. சில கைவிளக்கு மின்கலங்களும் ஒரு மாறுந்தடையும் அதற்குப் போதும். நடுவே புலம் பெரும்பாலும் அற்றுப்போகும். காந்த ஊசி வடக்கை மறந்து, வைத்த திசையில் நிற்கும்.

இம்மண்ணில் இடரும் உண்டு. காந்த நடுக்கோட்டின்மேல், ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், பகற்பொழுதில் மின்னோட்டமொன்று ஆறுபோல் ஓடுகின்றது. நண்பகலில் அது நிலத்துப் புலத்தை நூறு நானோதெஸ்லா அளவிற்கூட மாற்றும். ஊசிக்கு அது ஒரு பொருட்டன்று. இதயத்தை அளப்போருக்கோ பேரிரைச்சல். எனினும் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து 1963 முதல் ஏவப்பட்ட ஆய்வு ராக்கெட்டுகள் தேடிச் சென்றவற்றுள் இம்மின்னாறும் ஒன்று. ஒருவர் விலக்க முயலும் இரைச்சலே மற்றொருவர் கேட்க விழையும் பாடலாகின்றது.

வாவிக்கரைப் பாடசாலைகளின் ஆசிரியர்களை நான் வேண்டுவது ஒன்றே: விலையுயர்ந்த கருவிகளுக்குக் காத்திராமல் அவ்விரு சுருள்களையும் மாணவர் கையாற் சுற்றச் செய்யுங்கள். திசையிழந்து நிற்கும் அவ்வூசி, நூறு பக்கப் பாடநூலினும் தெளிவாகப் பேசும்.