தரைச் சக்கரம் சுற்றும் லென்ஸ்

கரண்ட் போனதும் தீப்பெட்டி தேடுகிற அப்பாவைப் பார்த்திருப்பீர்கள். கை அலமாரி மேலே போகும், டி.வி. மேலே போகும், மறுபடி அலமாரிக்கே வரும். 'இங்கேதானே வச்சேன்...' என்று முனகல் வேறு. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய ஆட்டோ ஃபோகஸ் கேமராவை தீபாவளி ராத்திரி வானத்துக்கு நேரே நீட்டினால் அதுவும் இதையேதான் செய்யும். லென்ஸ் முன்னே போகும், பின்னே வரும், 'கிர்ர்... கிர்ர்...' என்று தடவும். அதற்குள் ராக்கெட் மேலே போய், பூத்து, உதிர்ந்து, அதன் குச்சி பக்கத்து வீட்டு மாடியில் விழுந்து சண்டையே ஆரம்பித்திருக்கும்.

கேமராவைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். மீசை, மூக்கு, மொட்டை மாடிச் சுவர்... ஏதாவது ஒன்று. கறுப்பு வானத்தில் எதைப் பிடிக்கும், பாவம்?

இதற்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ். கையால் திருப்புவது. மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. ஓர் உலோகக் குழல், உள்ளே ஐந்தாறு கண்ணாடிகள், அபெர்ச்சர் இதழ்கள், திருகு மரை. அவ்வளவுதான். குழலின் மேல் தூரத்தை மீட்டரிலும் அடியிலும் பொறித்திருப்பார்கள். வரிசையின் கடைசியில் எட்டு ஒன்று படுத்துக் கிடக்கும். அதுதான் 'இன்ஃபினிட்டி'. அதுவரை திருப்பினால் 'டக்' என்று நின்றுவிடும். கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். இப்போதைய பல லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம், குழந்தைகள் ஓட்டும் பொம்மை ஸ்டீயரிங் மாதிரி. எங்கேயும் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே மோட்டாருக்குத் தகவல் சொல்வதோடு அதன் உத்தியோகம் முடிந்தது.

சரி, நல்ல பொருளாயிற்றே, ஏன் மலிவு? பி.காம். படித்தவனுக்கு இந்தக் கேள்வி அல்வா மாதிரி. 'தேய்மானம்' என்று ஒரு பாடம் உண்டு. வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டே வருவோம். பொருள் கல்லு மாதிரி நின்றாலும் புத்தகத்தில் செத்துப் போயிருக்கும். லென்ஸ் விஷயத்தில் அப்படி எழுதிய கணக்கப்பிள்ளைகள் ஜப்பான்காரர்கள். 1985-ல் மினோல்டா 7000 வந்தது. ஃபோகஸ் மோட்டாரைக் கேமராவுக்குள்ளேயே வைத்து, வியாபாரத்திலும் ஜெயித்த முதல் எஸ்.எல்.ஆர். 1987-ல் கேனன் தன் பழைய எஃப்.டி. மவுண்ட்டையே கைகழுவிவிட்டு ஈ.ஓ.எஸ்.ஸுக்குத் தாவியது. எஃப்.டி. லென்ஸ் வைத்திருந்தவர்கள், கல்யாண மண்டபம் மாறியது தெரியாமல் பழைய மண்டபத்தில் மொய்க் கவரோடு உட்கார்ந்திருந்தவர்கள் மாதிரி ஆனார்கள். கண்ணாடிக்கு ஒரு குறையும் இல்லை. மாட்டத்தான் கேமரா இல்லை.

இருபது வருஷம் கழித்து விதி சிரித்தது. 2008-ல் பானாசோனிக் ஜி1 என்ற மிரர்லெஸ் கேமரா வந்தது. 2013-ல் சோனி ஏ7, பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் வைத்து வந்தது. எஸ்.எல்.ஆரில் மேலும் கீழும் ஆடும் கண்ணாடிக்காக லென்ஸுக்குப் பின்னால் இடம் விட வேண்டும். அந்தக் காலத்து எம்42 திருகு லென்ஸுக்கு அந்த இடைவெளி 45.46 மி.மீ. சோனி மிரர்லெஸ்ஸில் வெறும் 18. மிச்சமுள்ள 27 மி.மீ. சொச்சத்துக்கு நடுவே ஓர் உலோக வளையம் செருகினால் வேலை முடிந்தது. அதற்குப் பெயர் அடாப்டர். சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருக்கும் அன்பர்கள் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். அதன் இடைவெளி 46.5 மி.மீ. எம்42 லென்ஸை மாட்டினால் எதிரே டீ கிளாஸ் தெரியும், தூரத்துக் கோபுரம் தெரியாது. நிக்கானின் சொந்த ஏ.ஐ. லென்ஸ்களைத் தேடுங்கள், 1977 முதல் வந்தவை.

இந்தப் பழசுகளில் சூப்பர் ஸ்டார் என்றால் ஹீலியோஸ் 44-2. சோவியத் சரக்கு. 58 மி.மீ., எஃப் 2. ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் கம்பெனி யுத்தத்துக்கு முன் செய்த 'பயோட்டார்' லென்ஸின் ருஷ்யப் பிள்ளை. ரூபாயிலேயே வியாபாரம் நடந்த காலத்தில், மலிவு விலை ருஷ்ய நாவல்களோடு ஜெனிட் கேமராக்களும் இந்தியாவுக்கு வந்தன. ஜெனிட்டின் மூக்கில் இருந்தது இதுதான். கேமரா லாரி எஞ்சின் மாதிரி 'தடால்' என்று சத்தம் போடும். ஆனால் லென்ஸ்!

அபெர்ச்சரை முழுசாகத் திறந்து வைத்து, நண்பனை ஒரு சீமைக் கருவேலத்துக்குச் சில மீட்டர் முன்னால் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பின்னால் உள்ள இலையும் வெளிச்சமும் அவன் தலையைச் சுற்றித் தரைச் சக்கரம் மாதிரி சுழலும். லென்ஸ் கணக்குப் போட்டவர்கள் இதைக் குறை என்றுதான் சொல்வார்கள். ஓரத்தில் வரும் ஒளியைக் குழல் கொஞ்சம் வெட்டிவிடுகிறது, வட்டமாக விழ வேண்டிய வெளிச்சப் புள்ளிகள் பூனைக்கண் மாதிரி நசுங்குகின்றன. 2022-ல் வந்த ஹாலிவுட் 'பேட்மேன்' படத்தில் ஒளிப்பதிவாளர் கிரெய்க் ஃப்ரேசர் சில காட்சிகளுக்கு இதே சோவியத் லென்ஸ்களைத் தேடிப் பிடித்து மாட்டினார். குறைக்கும் ஒரு காலம் வரும் போலிருக்கிறது.

வாங்குவது எப்படி என்று விருதுநகர் தெப்பக்குளம் பக்கம் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்த ஓர் அண்ணாச்சியிடம் கேட்டேன். ஃபிலிம் ரோல் கழுவிக் கழுவி விரல் நுனி வெளுத்துப்போன மனிதர். "வத்தல் மூட்டைக்குள்ள கையை விட்டு ஈரம் பாப்பம்லா தம்பி, அது மாதிரி உள்ள பாக்கணும். வெளிய பளபளப்பைப் பாத்து ஏமாந்துராதீக" என்றார். பின்பக்கமிருந்து டார்ச் அடிக்கச் சொன்னார். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பங்கஸ். வெள்ளையாகப் புகை மூட்டம் தெரிந்தாலும் வேண்டாம். முன் கண்ணாடியில் தலைமுடி போல் ஒரு கீறல் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது, அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பும்போது இதழ்கள் உடனுக்குடன் மூடித் திறக்க வேண்டும். மசமசவென்று நகர்ந்தால் எண்ணெய் ஏறியிருக்கிறது.

"நம்ம ஊருல பங்கஸ் கம்மி தம்பி. மெட்ராஸ்லேருந்து வார லென்ஸுலதான் காடே வளந்திருக்கும்" என்றார் பெருமையாக.

அண்ணாச்சி சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தொழில் சிவகாசியில் வேர்விட்டதற்கு ஒரு காரணம் இந்த வறண்ட காற்று. மழை குறைச்சல், ஈரம் குறைச்சல், மருந்து நமுத்துப் போகாது. விவசாயியைக் கைவிட்ட அதே காற்றுதான் பீரோவுக்குள் இருக்கும் லென்ஸையும் காப்பாற்றுகிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல்லோடு மல்லாடுகிறார்கள்.

வெயில்தான் இங்கே வில்லன். தகரக் கூரைக்குக் கீழே, நிறுத்தி வைத்த காருக்குள்ளே லென்ஸ் கிடந்தால் மரையில் உள்ள கிரீஸ் இளகி அபெர்ச்சர் இதழ்களில் ஏறிவிடும். எண்ணெய் பரோட்டாவோடு நிற்கட்டும் சார்!

அதே வெயில் ஒரு லென்ஸுக்கு மட்டும் வைத்தியரும்கூட. பென்டாக்ஸ்காரர்களின் சூப்பர் டக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4. இதில் பெரும்பாலானவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. லேசான கதிர்வீச்சு, கேமராவில் மாட்டிப் படம் எடுப்பவர் பயப்பட வேண்டியதில்லை. (பொடி செய்து மூக்கில் போடாதவரை.) வருஷக்கணக்கில் கிடந்தால் கண்ணாடி டீ டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிடும். காலை வெயிலில் கொஞ்ச நாள் காட்டினால் மஞ்சள் இறங்கும். வசந்தபாலன் 2006-ல் 'வெயில்' என்றே படம் எடுத்த ஊர், சரக்குக்குப் பஞ்சமா? ஆனால் லென்ஸ் என்பது ஒரு பூதக்கண்ணாடி. வெயிலில் வைத்துவிட்டுத் தூங்கப் போனால் அது தன் வேலையைக் காட்டும். பின்பக்கம் மூடியோடு, அலுமினியத் தாள் மேல், பக்கத்தில் காகிதம் இல்லாமல், நீங்களும் கூடவே இருந்து காயவையுங்கள். எந்த ஊரில் இருக்கிறோம் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இனி வாண வேடிக்கை. முதல் வேலை பகலில். மலிவு அடாப்டர்கள் இம்மி மெலிசாக வரும். அதனால் 'டக்' என்று நிற்கும் இடம் உண்மையான இன்ஃபினிட்டியைக் கொஞ்சம் தாண்டிப் போயிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனால் 192 அடி ராஜகோபுரம் எதற்கு இருக்கிறது? ஊருக்கு வெளியே நின்று, திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கலசம் துல்லியமாகத் தெரியும் இடத்தில் வளையத்தின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு பொட்டு வையுங்கள். பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

ராத்திரி கேமராவை ட்ரைபாடில் ஏற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப் 8 அல்லது 11, ஷட்டர் 'பல்ப்' நிலையில். லென்ஸ் பொட்டில். 58 மி.மீ. லென்ஸ் இப்படி எஃப் 8-ல் இருந்தால் சுமார் 14 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. 'சுர்ர்ர்' என்று கிளம்பும் சத்தம் கேட்டதும் ஷட்டரைத் திறந்து, பூ உதிர்ந்ததும் மூடுங்கள். ஷட்டர் எத்தனை செகண்ட் திறந்திருந்தது என்பதற்கும் பொறியின் பிரகாசத்துக்கும் பெரிய சம்பந்தமில்லை. பொறி ஓரிடத்தில் நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. அதன் நிறத்தைத் தீர்மானிப்பது அபெர்ச்சர்தான். அதிகம் திறந்தால் ஸ்ட்ரான்ஷியம் சிவப்பும் தாமிர நீலமும் வெளுத்து எல்லாம் டியூப்லைட் ஆகிவிடும். பச்சை தரும் பேரியம் உப்புகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதனால் பழைய ஆல்பத்தில் பச்சைப் பூ இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தில் நாலு பூ வேண்டுமா? ஷட்டரை மூடாமல், நடுநடுவே லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடியுங்கள். ஃபிலிம் காலத்து வித்தை, இன்றும் பலிக்கிறது.

எல்லாம் ஊருக்குள், வானத்தைப் பார்த்து. ஆலைப் பக்கம் கேமராவோடு போகவே போகாதீர்கள். அங்கே செல்போனுக்கே அனுமதியில்லை. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்தபோது சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிப் போனவர்கள். லென்ஸின் மேல் மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் என்று எழுதியிருப்பதைத் தினமும் திருப்புகிறவர்களுக்காவது, எதற்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது விரலில் பதிய வேண்டும்.

பழைய லென்ஸ் தேட மதுரைக்கும் சென்னைக்கும்தான் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். 'குட்டி ஜப்பான்' என்று பேர் வாங்கிய ஊர் அச்சுக்கும் பேர் போனது. காலண்டரில் முருகன் கன்னத்தில் ரோஸ் கலர் சரியாக விழ வேண்டுமானால் படத்தை நான்கு நிறமாகப் பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வருவதற்கு முன் ஆப்செட் அச்சுக்கு இதைச் செய்தது ப்ராஸஸ் கேமரா. அறையையே அடைத்துக்கொள்ளும். அதன் லென்ஸ் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே தளத்தில் கூட்டும் அபோகுரோமேட் வகை. ஒரு நூலிழை தவறினாலும் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும், ஆகவே அவ்வளவு துல்லியம். ஸ்கேனர் வந்ததும் கேமரா இரும்புக் கடைக்குப் போயிற்று. கொசுவின் கண்ணைப் பெரிதாக்கிப் படம் எடுக்கும் உலகத்துக் கிறுக்கர்கள் இன்று அந்த லென்ஸ்களைத் தேடி அலைகிறார்கள்.

சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் பில் விஷயமாகப் போயிருந்தேன். முதலாளி மேஜையில், மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் ஜி.எஸ்.டி. ரசீதுகளை அமுக்கிக்கொண்டு, கனமாக ஒரு ப்ராஸஸ் லென்ஸ். டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு தூசி இல்லை. மெதுவாக, ரொம்ப சாதாரணமான குரலில், "இதைக் குடுப்பீங்களா அண்ணாச்சி, என்ன விலை?" என்றேன்.

அவர் ரசீதுகளை எடுத்து டிராயருக்குள் வைத்தார். லென்ஸை வேட்டி நுனியால் துடைத்தார்.

"நேத்து வந்திருந்தா சும்மாவே தூக்கிட்டுப் போயிருக்கலாம் தம்பி. அப்ப பேப்பர் வெயிட்டு. இப்பத்தான் நீங்க டார்ச்செல்லாம் அடிச்சுட்டீகளே!"