சத்தம் நூடுல்ஸுக்கு மட்டும்

ஜப்பானில் உறிஞ்சிச் சத்தத்தோடு சாப்பிட்டால்தான் மரியாதை, அமைதியாகச் சாப்பிட்டால் சமைத்தவர் வருத்தப்படுவார் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது பாதிதான் சரி. அங்கே சத்தத்துக்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. அந்த அனுமதியும் சோபா, உடோன், ராமென் போன்ற நூடுல்ஸுக்குத்தான். வாயைத் திறந்து மெல்லும் சத்தம் அங்கேயும் முகம் சுளிக்க வைக்கும்.

ராமெனை ஏன் உறிஞ்சுகிறார்கள் என்பது எளிதில் புரியும். கொதிக்கக் கொதிக்க வருகிறது. ஆறட்டும் என்று காத்திருந்தால் ஊறிக் குழைந்துவிடும். காற்றோடு சேர்த்து இழுத்தால் வாய் சுடாது. ஆனால் சில்லென்று பரிமாறும் ஸாரு சோபாவையும் உறிஞ்சித்தானே சாப்பிடுகிறார்கள்? காரணம் வாசனை. சோபா, பக்வீட் மாவில் செய்வது. அதன் மணம் மிக மெல்லியது. உறிஞ்சும்போது உள்ளே போகும் காற்று அந்த மணத்தைத் தொண்டை வழியாக மூக்குக்கு ஏற்றுகிறது. ஒயினைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்கள் காற்றோடு உறிஞ்சுவதும் இதற்காகத்தான்.

ஸாரு சோபா மூங்கில் தட்டில் வரும். பக்கத்தில் சிறு கிண்ணத்தில் சோயா சாஸும் உலர்மீன் சாறும் கலந்த த்சுயு. சில இழைகளை மட்டும் எடுத்து, அடிநுனியை மட்டும் த்சுயுவில் தொட்டு, ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். முழுவதையும் முக்கினால் உப்புதான் தெரியும், சோபா தெரியாது. முடிவில் சோபா வெந்த நீரைக் கொண்டுவந்து வைப்பார்கள். மிச்சமுள்ள த்சுயுவில் அதைக் கலந்து குடிக்கலாம். எனக்கு அந்தச் சாப்பாட்டிலேயே பிடித்த பகுதி அதுதான்.

இந்த உறிஞ்சல் ஒரு கலையாகவே மேடையேறியிருக்கிறது. ‘தோக்கி சோபா’ என்ற ரகுகோ நகைச்சுவைக் கதையைச் சொல்பவர், மடித்த விசிறியைச் சாப்ஸ்டிக்காகப் பிடித்து, வெறும் வாயால் சோபா உறிஞ்சிக் காட்டுவார். பழைய எடோ காலத்துத் தெருக்கடையை அந்தச் சத்தமே கண்முன் நிறுத்திவிடும்.

இந்தச் சத்தம் பிறருக்குத் தொல்லையா என்ற விவாதம் 2016-இல் ஜப்பானிய இணையத்தில் சூடுபிடித்தது. மறு ஆண்டே நிஸ்ஸின் நூடுல்ஸ் நிறுவனம், உறிஞ்சும் ஒலியை உணர்ந்ததும் கைபேசியில் வேறு ஒலியை எழுப்பி அதை மறைக்கும் முள்கரண்டி ஒன்றை 14,800 யென் விலையில் அறிவித்தது. 5,000 முன்பதிவுகள் வந்தால்தான் தயாரிப்பு என்றார்கள், அவ்வளவு வரவில்லை.

சூப்புக்கு வழக்கம் வேறு. மிசோ சூப்புக் கிண்ணத்தைக் கையில் தூக்கி, விளிம்பில் வாய் வைத்துக் குடிப்பார்கள். சூடாக இருப்பதால் வரும் சின்ன ஒலியை யாரும் பொருட்படுத்துவதில்லை. கரண்டியால் அருந்தும் மேல்நாட்டுச் சூப்பையும் பாஸ்தாவையும் சத்தமில்லாமல்தான் சாப்பிட வேண்டும். ராமென் கிண்ணம் கனமானது. மேசையிலேயே இருக்கட்டும், சூப்பைக் கரண்டியால் எடுக்கலாம். முழுவதையும் குடித்துத் தீர்க்க வேண்டியதில்லை.

உறிஞ்ச வராவிட்டால், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மெதுவாகச் சாப்பிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.