சாக்கோவை மறந்த சினிமா

1984 ஜனவரி 22, பொழுது விடிவதற்கு முன். கேரளத்தில் மாவேலிக்கரைக்குப் பக்கத்தில் குன்னம் என்ற இடத்தில், ஓர் அம்பாசடர் கார் வயலில் இறங்கி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கருகிய ஓர் உடல். கார் சுகுமாரக் குருப்புக்குச் சொந்தமானது. அபுதாபியில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வந்தவர். செத்தது குருப்தான் என்று ஊர் நம்ப வேண்டும், வெளிநாட்டில் அவர் எடுத்திருந்த ஆயுள் காப்பீட்டுப் பணம் கைக்கு வர வேண்டும் என்பது திட்டம். ஆனால் பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை. தீ வைப்பதற்கு முன்பே அந்த மனிதர் இறந்திருந்தார். மைத்துனர் பாஸ்கர பிள்ளையின் கையில் இருந்த தீக்காயங்களும் போலீஸை உறுத்தின. எரிந்தவர் ஆலப்புழையைச் சேர்ந்த சாக்கோ என்பது வெளியே வந்தது. கருவாட்டாவில் சாலையோரம் வீட்டுக்குப் பேருந்து எதிர்பார்த்து நின்றவரை, வழியில் இறக்கிவிடுவதாகச் சொல்லிக் காரில் ஏற்றியிருக்கிறார்கள். வீட்டில் மனைவி கர்ப்பமாக இருந்தார். பாஸ்கர பிள்ளையும் ஓட்டுநர் பொன்னப்பனும் ஆயுள் தண்டனை பெற்றார்கள். குருப் அகப்படவே இல்லை.

சாக்கோ என்ன வேலை செய்தார் என்பதுதான் இங்கே முக்கியம். அவர் சினிமாக்காரர். வினியோகஸ்தரின் சார்பில் தியேட்டர் தியேட்டராகப் போய் டிக்கெட் கணக்கைச் சரிபார்க்கும் படப் பிரதிநிதி, தியேட்டர்காரர்கள் சொல்லும் ‘ரெப்’. ரெப் இல்லாமல் அன்றைய சினிமாவில் வசூல் தயாரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்திருக்காது. அப்படிப்பட்டவரின் கொலையைச் சினிமா எப்படி எடுத்துக்கொண்டது என்று பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. கொலை நடந்த 1984-லேயே ‘என்.எச். 47’ வந்துவிட்டது. 2016-ல் அடூர் கோபாலகிருஷ்ணன் இதே வழக்கின் நிழலில் ‘பின்னெயும்’ எடுத்தார். 2021 நவம்பர் 12-ல் துல்கர் சல்மான் நடித்த ‘குருப்’ தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் திரைக்கு வந்தது. ஒளியும் இசையும் கச்சிதமான படம். பெயர் முதல் முடிவு வரை அது தப்பித்துப் போனவரின் படம். சாக்கோவின் சாயலில் டொவினோ தாமஸ் நடித்த பாத்திரம் சற்று நேரம் வந்து போகிறது. கடைசிக் காட்சியில் நாம் யாரைத் தேடுகிறோம்? குருப் இப்போது எங்கே என்று தேடுகிறோம். சாக்கோ வீடு திரும்பாத அந்த இரவு, கணக்கு முடிந்த கோப்பாகிவிடுகிறது.

இன்ஷூரன்ஸ் மோசடியைச் சொல்லும், ‘நுவார்’ எனப்படும் இருட்டுப் படத்துக்கு மோசடிக்காரனின் மூளைதான் மையம் என்று நம் இயக்குநர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அது தவறான மையம் என்பதே என் வாதம். சொல்லப்போனால், இந்த வகையின் தாய்ப்படமே அப்படி இல்லை. பில்லி வைல்டர் 1944-ல் எடுத்த ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் மூலக்கதையை எழுதிய ஜேம்ஸ் எம். கெய்னுக்குத் தூண்டுகோல், 1927-ல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண் காதலனோடு சேர்ந்து கணவனைக் கொன்ற வழக்கு. கணவனுக்கே தெரியாமல் அவன் பெயரில் பாலிசி எடுத்திருந்தார்கள். படத்தில் கொலைகார ஏஜென்ட் நெஃப், குண்டடிபட்ட தோளோடு இரவில் அலுவலகத்துக்கு வந்து, ஒலிப்பதிவுக் கருவியில் எல்லாவற்றையும் சொல்கிறான். யாரிடம்? கிளெய்ம் பிரிவின் கீஸிடம். ஆக முழுப் படமும் கிளெய்ம் மேசைக்கு எழுதப்பட்ட ஓர் அலுவலகக் குறிப்பு. ஏஜென்ட் விஷவாயு அறையில் சாகும் காட்சியை வைல்டர் படம்பிடித்தும் வைத்துக்கொள்ளவில்லை. சரிந்து கிடக்கும் நெஃபின் அருகே கீஸ் இருப்பதோடு முடித்தார். குற்றவாளியின் சாமர்த்தியத்தைவிட, அவனை நம்பிய ஒரு நேர்மையான ஊழியனின் முகம்தான் கடைசியில் நம்மோடு வருகிறது. நமக்கும் இது புதிதில்லை. 1954-ல் எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த ‘அந்த நாள்’ முழுக்க, இறந்துகிடப்பவனைக் கொன்றது யார், அவன் எப்படிப்பட்டவன் என்ற கேள்விகளைச் சுற்றித்தானே வருகிறது?

நம் பக்கத்து வழக்குகளும் இதையே சொல்கின்றன. 2023 செப்டம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் அச்சிறுபாக்கம் அருகே ஒரு குடிசை எரிந்தது. உள்ளே கிடந்த உடல் ஒரு உடற்பயிற்சியாளருடையது என்று முதலில் நம்பினார்கள். ஒரு கோடி ரூபாய் காப்பீட்டுக்காக அவரே தன் நண்பரைக் கொன்று எரித்தார் என்று போலீஸ் பின்னர் குற்றம் சாட்டியது. இந்த முடிச்சு அவிழக் காரணம், எண்ணூரில் காணாமல்போன மகனைக் கேட்டுக் காவல் நிலையம், நீதிமன்றம் என்று விடாமல் அலைந்த தாய். 2025-ல் திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டையில் தூக்கத்தில் பாம்பு கடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டவரின் மரணத்தில், பெற்ற மகன்களே ஆள்வைத்துக் கடிக்கவிட்டதாகப் போலீஸ் சொல்கிறது. அங்கே சந்தேகத்தை எழுப்பியது காப்பீட்டு நிறுவனம். தீர்ப்பு நீதிமன்றம் சொல்ல வேண்டியது. ஆனால் இரண்டிலும் கதையை நகர்த்தியவர்கள் ஒரு தாயும் ஒரு கிளெய்ம் அதிகாரியும். நம் படங்களில் இவர்களுக்கு இரண்டு காட்சிகூடக் கிடைப்பதில்லை.

இப்படி ஒரு படத்தைத் தமிழில் எங்கே எடுக்கலாம் என்றால், அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூரைச் சொல்வேன். அன்று மெட்ராஸ் சிமென்ட்ஸ் என்றிருந்த ராம்கோ 1997-ல் இங்கே ஆலை தொடங்கியது. கொஞ்சம் தள்ளித் தளவாயில் இன்னோர் ஆலை. கடலாக இருந்து சுண்ணாம்பான பூமி, அதை அள்ளிச் செல்லும் டிப்பர்கள், இரவெல்லாம் அணையாத ஆலை விளக்கு, ஹெட்லைட் வெளிச்சத்தில் மிதக்கும் வெள்ளைத் தூசு. மழையும் நிழலும்தான் இந்த வகைப் படத்துக்கு இலக்கணம் என்று யார் சொன்னது? லாரிகள் ஓயாத சாலையோர ஊர்களின் இன்ஷூரன்ஸ் கதை, கோடி ரூபாய் ஆயுள் பாலிசியில் தொடங்காது. விபத்து வழக்கில் தொடங்கும்.

அதன் கணக்கு இப்படி. ராத்திரி சைக்கிளில் போனவரை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால், சட்டப்படி அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம் ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் அதுவும் வெறும் 25,000. அதே மரணத்தில் வண்டி எண் தெரிந்து அதற்கு இன்ஷூரன்ஸும் இருந்தால், வயது, வருமானம், நம்பியிருப்போர் எல்லாம் பார்த்துத் தீர்ப்பாயம் பல லட்சம் கொடுக்கலாம். தானே சறுக்கி விழுந்து இறந்தவர் குடும்பத்துக்கோ, எதிர்வண்டி இல்லாததால் அந்த வழியே அடைபட்டுவிடுகிறது. இந்த இடைவெளியில்தான் தரகர் நுழைகிறார். இல்லாத வண்டியை இருந்ததாகக் காட்டி, ஒரு ஓட்டுநரை ஒப்புக்கொள்ள வைப்பது. உத்தரப் பிரதேசத்தில் இப்படிப் பொய் வழக்குகள் குவிந்து, 2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. 2021-ல் உச்ச நீதிமன்றம், இதில் சம்பந்தப்பட்ட வழக்கறிஞர்கள் விஷயத்தில் மெத்தனமாக இருந்த அந்த மாநிலப் பார் கவுன்சிலைக் கடிந்துகொண்டது. கேமரா நெருங்கிப் பார்க்க வேண்டியது இங்கேதான். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில், பம்பர் நசுங்கியது தரையிலிருந்து என்ன உயரத்தில், செத்தவரின் காயம் என்ன உயரத்தில், இரண்டும் பொருந்துகிறதா? எந்தத் துப்பாக்கிக் காட்சியைவிடவும் அந்த ஒரு வரி பதைபதைக்க வைக்கும்.

பொய் வழக்கின் விலையைக் கட்டுவது யார்? கம்பெனி என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மையில் கட்டுவது அடுத்த உண்மை வழக்கின் விதவை. புகார் கொடுக்க நான்கு நாள் தாமதமானாலே ‘வண்டியைப் பிறகு சேர்த்தார்கள்’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். மருத்துவமனை வாசலில் நின்றவர் உடனே ஸ்டேஷனுக்கு ஓடியிருக்க முடியாது, தாமதம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொல்ல வேண்டிய அளவுக்குச் சந்தேகம் பழகிப்போயிருந்தது என்பதுதான் அதன் பொருள். ஆயுள் காப்பீட்டிலும் இதே கதை. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவுப்படி மூன்று வருடம் தாண்டிய பாலிசியைக் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அதற்குள் நேர்ந்த மரணம் என்றால் விசாரணை வந்து வாசலில் நிற்கும். துக்க வீட்டில் உட்கார்ந்து, உங்கள் கணவர் குடிப்பாரா என்று கேட்பார்கள்.

இருட்டுப் படம் என்பதே குற்றவாளியின் மனத்துக்குள் இறங்குவதுதானே, அதை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனத்துக்குள் இறங்கட்டும். ஆனால் தரகரிடம் கையெழுத்துப் போடும் அந்த மனைவியின் மனமும் குற்றத்தின் மனம்தானே? 2 லட்சத்துக்கும் பல லட்சத்துக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகளோடு நிற்கிறவளின் தயக்கத்தில் இருக்கும் இருட்டு, பணத்தாசை பிடித்த ஒருவரின் திட்டத்தில் இல்லை. படம் பார்த்து மோசடி கற்றுக்கொள்வார்கள் என்பது இன்னொரு பயம். சாமர்த்தியத்தைக் கொண்டாடும் படத்துக்கு அந்தப் பயம் பொருந்தும். பாதிக்கப்பட்டவரோடு நடக்கும் படம் கற்றுத்தருவது வேறு. ஊருக்குக் கெட்ட பெயர் வருமே என்றால், நான் சொல்வது ஆலத்தியூரில் மோசடி நடக்கிறது என்றில்லை. லாரிச் சாலையில் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் அன்றாடச் சமாச்சாரம், அவர்கள் முகம் திரையில் வரவில்லை என்கிறேன்.

இளம் இயக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த இன்ஷூரன்ஸ் கதைக்கு வெளிநாட்டு டிவிடிகளைத் தேடுவதற்கு முன், அரியலூர் மாவட்ட நீதிமன்றத்தில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் விசாரிக்கப்படும் நாளில் போய் உட்காருங்கள். அது திறந்த நீதிமன்றம். யாரும் போகலாம், அனுமதிச் சீட்டு கேட்க மாட்டார்கள்.