தாகேதாவின் இளைஞர்களும் பூட்டப்பட்ட பள்ளிகளும்

கல்வியையும் தொழிற்பயிற்சியையும் கைவிட்ட நாடு ஒன்றின் கதை, புலம்பெயர்ந்து வாழும் எமக்கும் உரியதாகும்

மியன்மாரின் மிகப்பெரிய நகரான யாங்கோனின், அதாவது எமது முன்னோர் அறிந்திருந்த ரங்கூனின், கிழக்கே பசுண்டவுங் ஓடைக்கு அப்பால் தாகேதா என்னும் ஊர் அமைந்துள்ளது. 1958 முதல் 1960 வரை நாட்டை ஆண்ட ஜெனரல் நே வின்னின் இடைக்கால அரசு, நகர மத்தியில் குடிசை அமைத்து வாழ்ந்த மக்களை அகற்றிக் குடியேற்றுவதற்காக மூன்று புதிய குடியிருப்புகளை உருவாக்கியது. வடக்கு ஒக்கலப்பா, தெற்கு ஒக்கலப்பா என்பன இரண்டு. மூன்றாவது தாகேதா. ஆகவே இடம்பெயர்ந்தோரின் ஊராகவே அது பிறந்தது எனலாம்.

இவ்வூருக்குப் பாலங்கள் குறைவில்லை. 1993 ஆம் ஆண்டு சீனாவின் உதவியுடன் கட்டப்பட்ட பாலம், பாகோ ஆற்றைக் கடந்து தன்லியின் நகருடன் தாகேதாவை இணைக்கின்றது. பீலிக்கான் முனீஸ்வரர் ஆலயத்துக்குச் செல்லும் எமது தமிழ் அடியார்களும் இப்பாலத்தை அறிவர். 2018 இல் யப்பானின் நன்கொடை உதவியுடன் நகர மத்திக்குச் செல்லும் புதிய பாலம் ஒன்றும் திறக்கப்பட்டது. ஆற்றின் அக்கரையில் திலவா துறைமுகமும், 2015 செப்டெம்பரில் இயங்கத் தொடங்கிய திலவா சிறப்புப் பொருளாதார வலயமும் உள்ளன. தாகேதாவிலேயே ஒரு கைத்தொழில் வலயமும் உண்டு.

பாலம் உண்டு, துறைமுகம் உண்டு, உழைக்க ஆயத்தமான இளைஞர்களும் உளர். இருந்தும் நாடு ஏன் எழவில்லை? பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்பவனின் கையில் என்ன தொழில் இருக்கின்றது என்ற கேள்வியிலேயே இதற்கான விடை தங்கியுள்ளது என நாம் கருதுகின்றோம்.

எழுத்தறிவில் முன்னின்ற நாடு

பர்மா கல்வியறிவற்ற நாடாக இருந்ததில்லை. ஊர்தோறும் இருந்த பௌத்த விகாரைகளில் சிறுவர்கள் எழுத்துப் பயின்றனர். பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாகப் பர்மா இருந்த காலத்தில், அங்குள்ள எழுத்தறிவு ஏனைய பல மாகாணங்களைவிட உயர்ந்திருந்ததைக் குடிசன மதிப்பீடுகள் காட்டின. 1920 இல் தொடங்கப்பட்ட ரங்கூன் பல்கலைக்கழகம், சுதந்திரத்துக்குப் பிந்திய 1950 களில் தென்கிழக்காசியாவின் தலைசிறந்த கல்வி நிலையங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. போருக்கு முன்னர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் தொன் அரிசியை ஏற்றுமதி செய்து, உலகில் முதலிடம் வகித்த நாடும் அதுவே.

அச்செல்வத்தில் குறையும் இருந்தது. 1930 களின் பொருளாதார மந்தத்தில் கடனை மீளச் செலுத்த இயலாத உழவர்களின் நிலம் செட்டியார்களின் கைக்கு மாறியது. 1937 அளவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலிலொரு பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. பர்மிய மக்களின் மனக்கசப்புக்கு இதுவும் காரணம் என்பதை நாம் மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் அக்கசப்புக்கு ஆட்சியாளர் கண்ட மருந்து நோயிலும் கொடியதாயிற்று.

பணத்தாளும் பள்ளியும்

1962 மார்ச் 2 ஆம் நாள் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு யூலை 7 ஆம் நாள் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. மறுநாள் மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1963 முதல் வங்கிகளும் வணிக நிலையங்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் பணத்தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் தனியார் பள்ளிகளும் அரசின் கைக்குச் சென்றன. தமிழ்ப் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல.

அதன்பின் கப்பல் கப்பலாக மக்கள் வெளியேறினர். அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 3 இலட்சம் இந்திய வம்சாவளியினர் வெளியேறியதாகக் கணிக்கப்படுகின்றது. நகையையும் சேமிப்பையும் கொண்டுசெல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. கடைக்காரர், கணக்கர், இயந்திரத் தொழிலாளர், மருத்துவர், ஆசிரியர் என, ஒரு தலைமுறை முழுவதும் தேடிய தொழில் அனுபவம் அவர்களுடன் கப்பலேறியது. 1960 களின் இறுதியில் அரிசி ஏற்றுமதி 10 இலட்சம் தொன்னுக்கும் கீழே வீழ்ந்தது. 1987 இல் ஐக்கிய நாடுகள் சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு காலத்தில் ஆசியாவின் அரிசிக் களஞ்சியம் என அழைக்கப்பட்ட நாடு இருபத்தைந்து ஆண்டுகளில் அந்நிலைக்கு வந்தது.

1988 மார்ச் 13 ஆம் நாள் ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் போன் மோ சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அவ்வாண்டின் மாபெரும் எழுச்சி தொடங்கியது. பொறியியலாளரை உருவாக்க வேண்டிய வளாகத்திலேயே இரத்தம் சிந்தப்பட்டது. மாணவருக்கு அஞ்சிய அரசு கல்விக்கும் அஞ்சியது. 1988 முதல் 2000 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் பூட்டிக் கிடந்தன. 1996 டிசெம்பரில் மூடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை 2000 ஆம் ஆண்டிலேயே மீளத் திறந்தன. அப்போதும் மாணவர்கள் நகருக்கு வெளியே தொலைவிலுள்ள வளாகங்களுக்கு அனுப்பப்பட்டனர். ரங்கூன் பல்கலைக்கழகத்தின் பழைய வளாகத்துக்கு இளநிலை மாணவர்கள் 2013 டிசெம்பரிலேயே திரும்பினர்.

சிங்கப்பூர் செய்தது என்ன?

இதே காலத்தில் சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 1965 இல் தனிநாடான போது அதற்கு நெல்வயலும் இல்லை, எண்ணெய்க் கிணறும் இல்லை. மனிதரே அதன் முதல் என்பதை அதன் ஆட்சியாளர் உணர்ந்தனர். 1972 இல் இந்தியாவின் டாடா நிறுவனத்துடன் சேர்ந்து அரசு ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. பின்னர் யேர்மனியின் ரொலை, ஒல்லாந்தின் பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களும் அவ்வாறே சேர்ந்தன. அந்நிறுவனங்கள் தமக்குத் தேவையான தொகையைவிட அதிகமானோரைப் பயிற்றின. மிகுதியானோர் ஏனைய தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். கற்பிக்கும் கருவியும் ஆசிரியரும் கம்பனியிடமிருந்து வர, செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது.

1979 இல் திறன் மேம்பாட்டு நிதியம் தோன்றியது. குறைந்த சம்பளத்துக்கு ஆட்களை வைத்திருக்கும் முதலாளிகளிடம் வரி அறவிட்டு, அப்பணத்தைத் தொழிலாளரின் பயிற்சிக்கே திருப்பிக் கொடுத்தனர். மலிந்த கூலியை நம்பியிருக்கும் முதலாளி அதற்குரிய விலையைச் செலுத்த வேண்டும் என்பதே அதன் கருத்து. பயிற்சி என்பது தானம் அன்று. வயலுக்கு நீர் பாய்ச்சுவது போன்ற முதலீடு என்பதை இதிலிருந்து அறிகின்றோம்.

திறந்த கதவு மீண்டும் மூடியது

மியன்மாரிலும் ஒரு வாய்ப்பு வந்தது. 2011 இல் தொடங்கிய சீர்திருத்த காலத்தில், 2013 இல் வேலைவாய்ப்பு மற்றும் திறன் மேம்பாட்டுச் சட்டமும், 2014 இல் தேசிய கல்விச் சட்டமும் இயற்றப்பட்டன. பள்ளிக்கல்வியைப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீட்டும் பணி 2016 இல் தொடங்கியது. அதே ஆண்டு சிங்கப்பூரின் உதவியுடன் யாங்கோனில் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2002 இல், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்தோர் யாங்கோனில் தொழிற்பயிற்சி மையம் ஒன்றை நிறுவியிருந்தனர். வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, ஏனைய நாட்கள் பட்டறையில் வேலை என்னும் சுவிஸ் முறையே அங்கும் பின்பற்றப்பட்டது. தச்சு, உலோக வேலை, மின்னியல், விடுதிப் பணி ஆகியவை கற்பிக்கப்பட்டன.

தேநீர்க் கடைகளில் வேலைசெய்யும் சிறுவர்கள் யாங்கோன் நகரெங்கும் காணப்படுபவர்கள். அவர்களுக்காகப் பேருந்துகளையே வகுப்பறைகளாக மாற்றிக் கடைவாசலுக்குக் கொண்டு சென்ற முயற்சியும் அக்காலத்தில் நடந்தது. சிறுவன் பள்ளிக்கு வர இயலாவிடின் பள்ளி சிறுவனிடம் செல்லலாம் என்பதை அது காட்டிற்று.

2021 பெப்ரவரி 1 ஆம் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. அவ்வாண்டு மே மாதத்தில், எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்த 1,25,000 க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இடைநிறுத்தப்பட்டதாக ஆசிரியர் சம்மேளனம் தெரிவித்தது. அந்த நிதியாண்டில் பொருளாதாரம் 18 வீதம் சுருங்கும் என உலக வங்கி மதிப்பிட்டது. 2024 பெப்ரவரியில் கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் படித்த இளைஞர் கூட்டம் எல்லை கடந்து ஓடத் தொடங்கியது. 1964 இல் ஓர் இனத்தாரைத் துரத்தி இழந்த தொழிலறிவை, அறுபது ஆண்டுகளின் பின்னர் தன் சொந்தப் பிள்ளைகளைத் துரத்தி நாடு மீண்டும் இழக்கின்றது.

யாருக்குப் பயிற்சி?

இங்கே மற்றொன்றையும் கூறுதல் வேண்டும். பள்ளிகளைக் கட்டுவது மட்டும் போதாது. அப்பள்ளி வாசலில் யார் நிறுத்தப்படுகின்றார் என்பதையும் நோக்க வேண்டும். 1982 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மக்களை முழுக் குடிமக்கள், இணைக் குடிமக்கள், பதிவுக் குடிமக்கள் என மூவகையாகப் பிரித்தது. மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் பலர் சரியான அட்டை இன்மையால் உயர்கல்வியிலும் அரச வேலையிலும் தடைகளைச் சந்தித்தனர். கூர்மையான அறிவு இருந்தும் கடையில் உதவியாளராகவே காலம் கழிக்க நேர்ந்தால், இழப்பு அப்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. ஒரு மின்னியலாளரையோ தாதியையோ நாடும் இழக்கின்றது.

ஈழத்தமிழராகிய எமக்கு இது புதிதன்று. 1970 களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல், பல்கலைக்கழக வாசலில் எமது மாணவரை நிறுத்தியது. அதன் விளைவு என்னவென்பதை இலங்கைத் தீவு பல பத்தாண்டுகள் அனுபவித்தது. கல்வியில் வேற்றுமை காட்டும் நாடு தன் பொருளாதாரத்துக்கும் அமைதிக்கும் சேர்த்தே குழி தோண்டுகின்றது.

எமக்குரிய பாடம்

பர்மாவிலிருந்து வெறுங்கையுடன் சென்னைக்கு வந்தவர்களும் எமக்கு ஒரு பாடம் விட்டுச் சென்றுள்ளனர். கடற்கரை நிலையத்தின் அருகே அவர்கள் அமைத்த பர்மா பஜார் இன்றும் அவர்களின் பெயரைச் சொல்கின்றது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்குக் கடன் வழங்க இந்திய அரசு 1969 இல் ரெப்கோ வங்கியைத் தோற்றுவித்தது. பணமும் நகையும் பறிபோயின. கணக்கறிவும் வணிகத் திறனும் பறிபோகவில்லை. கற்ற தொழிலை எந்த அரசும் நாட்டுடைமையாக்க முடியாது.

ஐரோப்பாவுக்கு வந்த எமது மக்கள் பலர் முதலில் உணவகங்களில் கோப்பை கழுவினர். அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை தொழில் கற்க அனுமதி கிடையாது என்ற நிலை பல நாடுகளில் நீண்ட காலம் இருந்தது. அதனால் வீணான ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. இப்போது வழிகள் ஓரளவு திறந்துள்ளன. யேர்மனி 2016 இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, நாடு திரும்ப வேண்டியவர் என அறிவிக்கப்பட்டவரும் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியை முடிக்கவும், அதன்பின் இரண்டாண்டு வேலை செய்யவும் தங்கலாம். சுவிற்சர்லாந்தில் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் பல்கலைக்கழகம் செல்லாது தொழிற்பயிற்சிக்கே செல்கின்றனர். அவர்களை அங்கு எவரும் தாழ்வாக நோக்குவதில்லை.

ஆனால் எமது வீடுகளில் இன்னும் மருத்துவரும் பொறியியலாளரும் மட்டுமே மதிப்புக்குரியோர். மின்வேலை கற்கும் மகனையும் முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெறும் மகளையும் பற்றி உறவினரிடம் சொல்லப் பெற்றோர் கூசுகின்றனர். இந்தக் கூச்சத்தை நாம் கைவிட வேண்டும். தாயகத்தில் பிள்ளையின் சடங்குக்கு மண்டபம் எடுக்க அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை, அயலிலுள்ள பிள்ளை ஒன்று இரண்டாண்டு தொழில் கற்க ஒதுக்கினால், அப்பணம் அக்குடும்பத்தை ஒரு தலைமுறைக்குத் தாங்கும்.

தாகேதாவில் பாலங்கள் நிற்கின்றன. அவற்றின் வழியே கூலியாட்கள் மட்டும் சென்றால் ஆலையின் இலாபம் வெளியார் கைக்கே சென்றுவிடும். தொழிலறிந்தோர் சென்றால் அந்நாடு தன் காலில் நிற்கும். அந்நாட்டில் நல்லாட்சி மீளும் நாளில் முதற் செலவு பள்ளிக்கும் பட்டறைக்கும் ஆகட்டும். அதன் வாசல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். அதுவரை எமது கையிலுள்ள சிறு முதலீட்டை எமது பிள்ளைகளின் கைத்திறனில் நாம் இடுவோம்.