யாருக்கு எந்தச் சிரிப்பு?

எங்கள் பொதுப்பிரிவில் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே உண்டு. மொரப்பூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வந்து தங்கும் நோயாளிகளுக்கும் துணையிருப்போருக்கும் மாலை வேளையில் எந்த நகைச்சுவைத் தொடரை வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு எழாத நாள் அரிது. இதனை வெறும் பூசல் என்று நாங்கள் ஒதுக்குவதில்லை. படுக்கையை விட்டு எழ இயலாதவர், தமக்குப் பிடிக்காத ஒன்றை நாள் முழுதும் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு துன்பமே.

தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலத்தில் வளர்ந்தோர் எஸ்.வி.சேகரின் 'வண்ணக் கோலங்கள்' தொடரை இன்றும் நினைவுகூர்வர். கம்பிவட இணைப்பு வந்தபின் வந்தவை வேறு சுவை. கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்து நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யில் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே பெயர். அவர்களின் சின்னஞ்சிறு சச்சரவுகளே கதை. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் வீட்டுச் சண்டையே ஆரவாரமான கேலிக்கூத்தாகும். அதில் பட்டாபியாக வந்த எம்.எஸ்.பாஸ்கரை விரும்பாதோர் குறைவு என்பது எங்கள் கணிப்பு. இளையோர் கேட்பது திரைப்படங்களைப் பகடி செய்த 'லொள்ளு சபா'. மூலப்படத்தைப் பாராதவருக்கு அதில் பாதிச் சிரிப்பு புரியாமலே போய்விடும். பாட்டியும் பேரனும் ஒரே காட்சியைக் கண்டு ஒருவர் நகைக்க, மற்றவர் விழிப்பது இதனால்தான்.

நோயும் சுவையை மாற்றும். கிரேசி மோகனின் உரையாடலில் ஒரு சொல் தவறினால் அடுத்த மூன்று சிரிப்புகளும் கைநழுவும். செவித்திறன் குறைந்த முதியவரும் மருந்தின் மயக்கத்தில் இருப்பவரும் அந்த வேகத்தைப் பின்தொடர இயலாது. முன்பு அவற்றை விரும்பியவர் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவருக்கு மனச்சோர்வு என்று உடனே முடிவுகட்ட வேண்டா, களைப்பாகவும் இருக்கலாம். பேச்சே ஏறத்தாழ இல்லாத 'மிஸ்டர் பீன்' அத்தகையோர் சிலருக்குப் பொருந்தக் காண்கிறோம்.

அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ் 1964-இல் கடும் மூட்டு நோயுற்றபோது நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்தார். பத்து நிமிடம் வாய்விட்டுச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்ததாக எழுதினார். அது ஒரு மனிதரின் அனுபவமே; மருந்துக்கு மாற்றன்று. எங்கள் கண்ணுக்குப் படுவது வேறொன்று: எதைப் பார்ப்பது என்பதில் அவருடைய விருப்பமே முதலிடம் பெற்றது. இங்கோ, துணையிருப்போர் தமக்குப் பிடித்ததை வைத்துவிட்டு, "சிரியுங்கப்பா, மனசு லேசாகும்" என்று வற்புறுத்துவதைக் காண்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவில் சிரிக்க மனமில்லாதவரை அவ்வாறே விட்டுவிடலாம். "என்ன பார்க்கலாம்?" என்று ஒருமுறை கேட்டால் போதும். பக்கத்துப் படுக்கையில் ஒருவர் அவதியுறும்போது காதொலிக் கருவி உதவும். இல்லையேல் பெட்டியை அணைப்பதே முறை.

வயிற்றில் தையல் போட்டவர்களுக்குச் சிரிப்பு வலிக்கும். இருமும்போது செய்வது போலவே, சிறு தலையணையைத் தையலின் மேல் மென்மையாக அழுத்திப் பிடித்துக்கொள்ளலாம். ஆஸ்துமா உள்ளோருக்குப் பெருஞ்சிரிப்பு இருமலையும் மூச்சிரைப்பையும் தூண்டக்கூடும். உள்ளிழுக்கும் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பக்கவாதம் கண்டவர்களின் குடும்பத்தார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காரணமின்றியோ, சோகக் காட்சியிலோ நோயாளி அடக்கமுடியாமல் சிரிப்பதுண்டு. அச்சிரிப்பே சில நொடிகளில் அழுகையாவதும் உண்டு. தொடரை ரசிக்கிறார் என்று மகிழ்ந்தோ, கேலி செய்கிறார் என்று வருந்தியோ இருந்துவிட வேண்டா. மூளையின் பாதிப்பால் வருவது இது. இதற்குச் சிகிச்சை உண்டு. எப்போது, எவ்வளவு நேரம் நேர்ந்தது என்று குறித்து வைத்து, மறுநாள் மருத்துவர் வரும்போது தெரிவியுங்கள்.