முதற்படியின் உயரம்

வைகை பிறக்கின்ற மலைகளின் மடியில், மூல வைகையின் போக்கையொட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு, தும்மக்குண்டு என்று கிடக்கும் கிராமங்களில் வசிப்பவர்களுக்கு வெளியுலகத்தோடு உள்ள சம்பந்தம் பெரும்பாலும் பேருந்தின் மூலமாகவே நடைபெறுகிறது. 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிநாயக்கனூருக்கும் ரயில் திரும்பி வந்தது என்ற சந்தோஷச் செய்தி இந்தப் பள்ளத்தாக்கை எட்டியதே தவிர, ரயில் எட்டவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமானால் க. விலக்குக்கு, சர்க்கார் காரியமென்றால் ஆண்டிபட்டிக்கோ தேனிக்கோ போயாக வேண்டும்; போவதற்குப் பஸ்ஸில் ஏறியாக வேண்டும். ஏறுவது என்ற அந்த ஒரு சொல்லில்தான் நாம் ஆராயப் புகுந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சிறு பிராயத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு, கால்கள் சூம்பி, கக்கத்தில் கட்டைகளை ஊன்றி நடக்கிற ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் மிகுதியாக உள்ள இலவ மரத்திலோ தென்னையிலோ ஏறித் தவறி விழுந்து, முதுகுத்தண்டு முறிந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்ட இன்னொருவரையும் அவரருகே நிறுத்துவோம். விடியற்காலைப் பேருந்து வந்து நிற்கிறது. சாலையின் ஓரத்தை ஒட்டி நிற்காமல், பள்ளத்தையும் மழைநீரையும் தவிர்த்து நடுச்சாலையில் நிற்கிறது. ஆகவே முதற்படிக்கும் தரைக்கும் இடையிலுள்ள தூரம், தொழிற்சாலையில் அளந்த கணக்கைவிடச் சற்று அதிகமாகவே அமைந்துவிடுகிறது. கட்டைக்காரர், கட்டைகளை முதலில் உள்ளே இருப்பவரிடம் நீட்டிவிட்டு, கம்பியை இரு கைகளாலும் பற்றி, உடம்பின் பாரம் முழுவதையும் தோளில் தாங்கி மேலே இழுத்துக்கொள்கிறார். அதே கணத்தில் பின்னாலிருப்பவர்கள் முண்டுகிறார்கள். “ஏறுங்கண்ணே, டைம் ஆயிருச்சு” என்று நடத்துநர் விசிலை வாயில் வைக்கிறார். நாற்காலிக்காரருக்கோ அந்த உபாயமும் இல்லை. அவரை ஒருவர் கக்கத்திலும் ஒருவர் முழங்காலிலும் பிடித்து, மூட்டையைத் தூக்குவதுபோலத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அவருடைய கால்களாகிய நாற்காலியோ டீக்கடையின் ஓரத்திலே நின்றுவிடுகிறது. தேனியில் இறங்கியபின் அவர் எப்படி நகர்வார் என்ற கேள்வியைப் பேருந்து கேட்பதில்லை.

நடத்துநரைக் கடிந்துகொள்வது சுலபம். அவருக்கும் நேரக் கணக்கு உண்டு, வசூல் கணக்கு உண்டு. உதவி செய்கிற நடத்துநர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதை நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்வேன். ஆனால், ஒருவரது பிரயாணம் மற்றவருடைய மனமிரங்குதலையே நம்பியிருக்குமானால், அது சௌகரியமே அன்றி உரிமை ஆகாது. மேலும், முன்பின் அறியாதவர் கைகளில் தூக்கப்படும்போது, குறிப்பாகப் பெண்கள் அனுபவிக்கிற கூச்சத்தையும் அவமானத்தையும் எந்தச் சலுகையினாலும் ஈடுசெய்துவிட முடியாது.

சலுகை என்று வந்துவிட்டபடியால் அதையும் பார்த்துவிடுவோம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பிரயாணம் என்ற திட்டம் 2021-ல் வந்தபோது, மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவருக்கும் அவ்வுரிமை அளிக்கப்பட்டது. வெளியூர்ப் பேருந்துகளில் கட்டணத்தின் முக்கால் பங்கு அவர்களுக்குத் தள்ளுபடி. நல்ல ஏற்பாடுகளே, ஏழை வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் மதிப்புள்ளது. எனினும், இவை அரசுப் பேருந்துக்கே செல்லும். தனியார் பேருந்திலும் மினிபஸ்ஸிலும் செல்லா. அதைக் காட்டிலும் முக்கியமானது வேறொன்று: பயணச்சீட்டு என்பது பேருந்துக்குள் கொடுக்கப்படுவது. கட்டணத்தைத் தடை என்று கருதி அதை நீக்கிய சர்க்கார், படியைத் தடை என்று கருதவில்லை. ஏறிவிட்டவனுக்குத்தான் இலவசம்.

அந்தப் படியின் கணக்கு இதுதான். நம் நாட்டில் நகரப் பேருந்துகளின் தள உயரத்தை 400, 650, 900 மில்லிமீட்டர் என்று மூன்று வகையாக வகுத்திருக்கிறார்கள். 900 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய மூன்று அடி. உள்ளே போகப் படிகள் ஏறியே தீர வேண்டும். 400 மில்லிமீட்டர் என்றால் ஒன்றேகால் அடிக்குச் சற்று மேல். இதைத்தான் தாழ்தளப் பேருந்து என்கிறார்கள். அதில் படிகளே இல்லை. நிறுத்தத்தில் நின்றவுடன், காற்று நிரம்பிய தாங்கிகளிலிருந்து காற்றை வெளியேற்றி, யானை ஒருபக்கமாகச் சாய்வதுபோல வாசற்பக்கம் சில அங்குலம் தாழ்ந்து கொடுக்கும். மடித்து வைத்த சாய்பலகையை விரித்தால் சக்கர நாற்காலி தானாகவே உருண்டு உள்ளே போய்விடும். கர்ப்பிணிக்கும், முழங்கால் வலிக்கும் பாட்டிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அதே வாசல்தான்.

இந்த வாசலுக்காகத் தமிழ்நாட்டில் நீண்ட வழக்கு நடந்தது. ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு 1,107 பேருந்துகளை வாங்க அரசு முற்பட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை 900 மில்லிமீட்டர் உயரமுள்ளவை என்பதை எதிர்த்து, மாற்றுத்திறனாளர் உரிமைக்காகப் பாடுபடும் வைஷ்ணவி ஜெயக்குமார் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். சாலைகள் சரியில்லை, மழைக்காலத்தில் நீர் தேங்கும், விலை அதிகம் என்ற காரணங்கள் அரசு தரப்பில் சொல்லப்பட்டன. முடிவில், உயர்தளப் பேருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. தாழ்தளப் பேருந்துகளும் ஒரு பகுதியாக வாங்கப்பட்டன. 2024 ஆகஸ்டு மாதம் முதலில் சென்னைத் தெருக்களில் அவை ஓடத் தொடங்கின. கோவைக்கும் மதுரைக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. சாலை சரியில்லை என்ற வாதத்தைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான்: சாலையைப் போட்டவரும் சாலை சரியில்லை என்று சொல்பவரும் ஒருவரே அல்லவா?

மதுரை வரை வந்துவிட்ட அந்தப் பேருந்து வருசநாட்டுக்கு வருமா என்றால், இப்போதைக்கு வருவது துர்லபம் என்றே சொல்ல வேண்டும். வளைவும் ஏற்றமுமான சாலையில், அடிவயிறு தரையில் உராயும் நீண்ட வண்டியை ஓட்டுவதில் மெய்யான இடையூறு உண்டு. இதை மறைப்பது நியாயமன்று. ஆனால் தாழ்தளம் ஒன்றே மார்க்கம் என்று நினைத்து, அது வராத இடங்களில் ஒன்றுமே செய்யாமல் இருப்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். பேருந்தின் தளத்தைத் தாழ்த்த இயலாவிட்டால், நிற்கிற இடத்தின் தளத்தை உயர்த்தலாம். ரயில்வே நிலையங்களில் நடைமேடை கட்டுவது வேறு எதற்காக? நிறுத்தத்தில் ஒரு வண்டியின் நீளத்துக்குச் சாய்வான அணுகுதளத்தோடு மேடை கட்டி, ஓட்டுநர் அதனை ஒட்டி நிறுத்துவாரானால், மூன்றடி ஏற்றம் ஓரடியாகச் சுருங்கிவிடும். உயர்ந்த தளமுள்ள பேருந்திலேயே மின்தூக்கி பொருத்துவதும் புதிய யுக்தி அன்று. அமெரிக்காவின் நெடுந்தூரப் பேருந்துகளில் அது சாதாரணக் காட்சி.

அங்கும் அது தானாக வரவில்லை. 1978 ஜூலை 5-ஆம் தேதி, டென்வர் நகரின் நாற்சந்தியொன்றில், சக்கர நாற்காலிக்காரர்கள் பத்தொன்பது பேர் பேருந்துகளை மறித்து, இரவெல்லாம் அசையாமல் இருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1990-ல் வந்த சட்டம், பொதுப் போக்குவரத்துக்குப் புதிதாக வாங்கும் பேருந்துகள் யாவும் ஊனமுற்றோர் ஏறத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று விதித்தது.

நம்மிடமும் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 41-ஆவது பிரிவில், பேருந்து நிறுத்தத்தையும் சாலையையும் வாகனத்தையும் சேர்த்தே பேசுகிறது. தொழில்நுட்ப ரீதியில் இயலுமிடமெல்லாம் பழைய வாகனங்களையும் திருத்தியமைக்கச் சொல்கிறது. முன்னுரிமை இருக்கை, ஊன்றுகோலை வைத்துக் கட்ட இடம், பிடிகம்பி, சக்கர நாற்காலியை ஏற்றி நிறுத்தும் வசதி ஆகியவை பேருந்துகளில் வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2020 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. கண்பார்வையற்ற ராஜீவ் ரதூரி என்பவர் 2005-ல் தொடுத்த வழக்கில், அரசுப் பேருந்துகளில் பத்தில் ஒரு பங்கையாவது 2018 மார்ச்சுக்குள் சீர்செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் கூறியது. அதே வழக்கில் 2024 நவம்பரில், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது என்றும், கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் இயற்ற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இலவ மரங்கள் நிறைந்த ஊர்க்காரர்களுக்கு இலவு காத்த கிளியின் கதையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பார்வையற்றவரின் கஷ்டம் இன்னொரு தினுசு. வந்து நிற்பது எந்த ஊர் வண்டி என்று அவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டும். ஏறியபின், தன் நிறுத்தம் வந்ததா என்பதை ஒவ்வொரு திருப்பத்தின் குலுக்கலையும் எண்ணியே தீர்மானிக்க வேண்டும். ஊர்ப் பெயரை நடத்துநர் உரக்கச் சொன்னால் போதும். அதற்குக் காசு செலவில்லை. ஒரு காலத்தில் எல்லா நடத்துநர்களும் அப்படிக் கூவியவர்கள்தாம்.

2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஊனமுற்றோர் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இவர்களில் எத்தனை பேரை நாம் பேருந்தில் பார்க்கிறோம் என்று வாசகர்கள் ஒருகணம் யோசித்துப் பார்க்கட்டும். ‘ஏறுவதற்கு ஆளே இல்லையே, எதற்கு வசதி?’ என்று கேட்கிற அதிகாரி, வசதி இல்லாததால்தான் ஆள் இல்லை என்பதைத் தலைகீழாகப் படிக்கிறார்.

வருசநாட்டு நிறுத்தத்தில் ஒரு மேடை வேண்டும் என்று மனுக் கொடுக்க விரும்புகிறவருக்கு வழி இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் தேனியில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே போவதற்கும் இதே பேருந்துதான்.