மரம் குடிக்கும் எண்ணெய்

லண்டனின் ஜார்ஜியன் காலத்து வீடுகளில், மேலும் கீழும் நகரும் மர ஜன்னல்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மேல் பாதியில் ஆறு, கீழ்ப் பாதியில் ஆறு என 12 கண்ணாடிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஓரங்கள். ஆக ஒரே ஜன்னலில் 48 இடங்களில், கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் மக்கை (புட்டி) சரிவாக இழுத்தாக வேண்டும். அந்தச் சரிவு வழவழவென்று வராமல் பிய்ந்தும் திட்டுத்திட்டாகவும் போனால், கெடுவது அழகு மட்டுமல்ல. மழைநீர் அந்தப் பள்ளங்களில் தங்கி, கண்ணாடி உட்காரும் காடிக்குள் இறங்கி, மரத்தை இற்றுப்போகச் செய்துவிடும்.

மக்கின் சேர்மானம் எளிது. நைசாக அரைத்த சாக்குத் தூள், அதாவது கால்சியம் கார்பனேட். அதைப் பிசைய ஆளிவிதை எண்ணெய். கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் தருவார்கள். எடையில் எண்ணெய் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். ஆனால், வழவழப்பைத் தீர்மானிப்பது அந்தச் சிறு பங்கே.

மக்கு திடப்பொருளா, திரவமா? குறிப்பிட்ட அளவு அழுத்தம் வரும்வரை வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். அதைத் தாண்டினால் வழியும். 1919-இல் அமெரிக்க வேதியியலாளர் யூஜீன் பிங்காம், ஹென்றி கிரீனுடன் சேர்ந்து பெயின்ட்டில் இதே குணத்தைக் கண்டு எழுதினார். இப்படி நடந்துகொள்ளும் பொருள்களுக்கு ‘பிங்காம் பிளாஸ்டிக்’ என்றே பெயர் நிலைத்தது. கத்தியின் அழுத்தத்தில் வழிந்து, கத்தி எடுத்ததும் நின்றுவிடுவதால்தான் மக்கில் கூர்மையான சரிவு அமைகிறது. எண்ணெய் கூடினால் அது சரிந்து தொங்கும், குறைந்தால் பிய்யும். சப்பாத்தி மாவைப்போலக் கையில் நன்றாகப் பிசைந்தால் சூடேறி இளகி, தூளும் எண்ணெயும் சீராகக் கலந்துவிடும்.

பதம் சரியாக இருந்தும் பலருக்கு மக்கு பிய்ந்துகொண்டு வரும். பெரும்பாலும் மரம்தான் காரணம். பழைய பெயின்ட்டைச் சுரண்டிய மரத்தில் நுண்துளைகள் வாய் பிளந்திருக்கும். மக்கிலுள்ள எண்ணெயை அவை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சுவது வறண்ட தூள். கத்தி பட்டால் உதிரும், நாளடைவில் வெடிக்கும். அதனால் காடியில் முதலில் லின்சீட் ஆயிலோ எண்ணெய்ப் பிரைமரோ பூசி, மரத்தின் தாகத்தைத் தீர்த்துவிட வேண்டும். இரும்பு எண்ணெய் குடிக்காது. எனவே இரும்பு ஜன்னலுக்கான மக்கில் சீக்கிரம் இறுகவைக்கும் உலோகச் சேர்மங்களைக் கூட்டுகிறார்கள்.

காடியில் மெல்லிய மக்குப் படுகை இட்டு, கண்ணாடியை அழுத்தி உட்காரவைத்து, சின்ன ஆணிகளால் நிறுத்திய பிறகே வெளிப்பக்கச் சரிவு. மக்கு தன்னைத்தானே பிடித்துக்கொள்வதைவிடக் கத்தியை அதிகமாகப் பிடித்தால் கத்தியோடு வந்துவிடும். கத்தியில் லேசாக எண்ணெய் தடவினால் அந்தப் பிடிப்பு தளரும். மூலையிலிருந்து மூலைவரை நிறுத்தாமல், அழுத்தம் மாறாமல் ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு வரி விழும். கடைசியில் உலர்ந்த சாக்குத் தூளைத் தூவி மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால், கண்ணாடியில் ஒட்டிய எண்ணெயை அது எடுத்துவிடும்.

இனிமேல்தான் வேதியியல் தொடங்குகிறது. தண்ணீர் ஆவியாவதுபோல லின்சீட் ஆயில் காய்வதில்லை. அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறையப் பாதி லினோலெனிக் அமிலம். அதன் இரட்டைப் பிணைப்புகளின் அருகே காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகின்றன. ஆக்சிஜன் வெளியிலிருந்து வருவதால் மேல்தோல்தான் முதலில் இறுகும். எண்ணெய் மிகுந்திருந்தால், உள்ளே இளகிய மக்கின்மேல் அந்தத் தோல் சுருங்கி மடிப்பு விழும். தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் பொறுத்து, பிறகு பெயின்ட் அடிக்க வேண்டும். அதுவும் கண்ணாடிமேல் சுமார் 2 மில்லிமீட்டர் ஏறியிருக்கட்டும். மக்கும் கண்ணாடியும் சேரும் இடத்தில் நீர் இறங்காமல் தடுப்பது அந்த மெல்லிய கோடுதான்.

எண்ணெயை இறுகவைக்கும் இதே வினை வெப்பத்தையும் வெளியிடுகிறது. ஜன்னலில் அது காற்றோடு போய்விடும். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட்டாலோ, வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே கூடிக்கூடி, யாரும் நெருப்பு வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியைத் திறந்தவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டுவையுங்கள்.